“புற்றுநோய் பரவாமல் தடுக்கும் மூலிகை” என்ற செய்தியை வாசிப்பது எப்படி?

ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்த வாரத்திலேயே அந்த வீட்டுக்கு இலைகள் வரத் தொடங்கிவிடும். முதலில் வட்ஸ்அப்பில் படமாக வரும். பிறகு உண்மையான இலையாகவே, பொலித்தீன் பையில் கட்டப்பட்டு, உறவினர் கையில் அன்போடு வரும். முள்ளு அன்னமுன்னா இலை, மரமஞ்சள் கட்டை, கருஞ்சீரகம், அமுக்கரா, மஞ்சள் கப்சூல் என்று எதுவாக இருந்தாலும் கூடவே ஒரு வரி இருக்கும்: “இது புற்றுநோய் பரவுவதைத் தடுக்கும் என்று ஆராய்ச்சியில் கண்டுபிடித்திருக்கிறார்கள்.”

நான் வெள்ளவத்தையில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளராக இருக்கிறேன். அதற்கு முன்னர் கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தேன். தாவரச் சாறுகளைப் புற்றுநோய்க் கலங்களின் மேல் இட்டு என்ன நடக்கிறது என்று பார்ப்பதே அங்கே என் வேலை. மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குச் சிகிச்சைக்காக யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வருகிறவர்கள் பலர் எங்கள் பகுதியில் உறவினர் வீடுகளில் தங்குகிறார்கள். மருந்துத் துண்டோடு கடைக்கு வரும்போது கைபேசியில் அந்தப் படத்தையும் காட்டி, “பிள்ளை, இது உண்மையா?” என்று கேட்கிறார்கள். வரிசையில் பின்னால் ஆட்கள் நிற்கும்போது முழுப் பதிலையும் சொல்ல முடிவதில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

அந்த வரி பெரும்பாலும் முழுப் பொய்யாக இருக்காது. எங்கோ ஓர் ஆய்வு நடந்திருக்கும். எதன் மேல், எவ்வளவு கொடுத்து, எந்த வழியாகக் கொடுத்து நடந்தது என்ற விவரங்கள் மட்டும் வழியில் உதிர்ந்துபோயிருக்கும். அவற்றைத் தேடி எடுக்க வைத்தியப் பட்டம் தேவையில்லை, பொறுமையும் கொஞ்சம் பெருக்கல் வகுத்தலும் போதும்.

முதலில் செடிகளைக் குறைத்து மதிப்பிடுவதை நிறுத்துங்கள்

இது மூலிகையை நம்புகிறவர்களுக்கும் நம்பாதவர்களுக்கும் பொதுவான அறிவுரை. நம் வேலியோரத்திலும் மயானங்களிலும் பூக்கும் பட்டிப்பூவை, அதாவது நித்தியகல்யாணியை, எடுத்துக்கொள்ளுங்கள். 1952இல் ஜமைக்காவிலிருந்து கனடாவுக்கு ஓர் உறையில் சில இலைகள் அனுப்பப்பட்டன. அங்கே மக்கள் அந்த இலையை நீரிழிவுக்குத் தேநீராகக் குடித்துவந்தார்கள். வெஸ்டர்ன் ஒன்ராறியோ பல்கலைக்கழகத்தில் ரொபர்ட் நோபிள் அதைச் சோதித்தபோது சர்க்கரை குறையவில்லை, சோதனை விலங்குகளின் வெண்குருதிக் கலங்கள் குறைந்தன. அந்த எதிர்பாராத விளைவைப் பின்தொடர்ந்துதான் அவரும் சார்ள்ஸ் பியரும் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். அதே செடியின் வின்கிறிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்றும் குருதிப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு அது முக்கியமான மருந்து.

பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து வந்த பக்லிடாக்ஸெல் என்ற புற்றுநோய் மருந்தின் கதையும் நீளமானது. பட்டை சேகரிக்கப்பட்டது 1962இல். மன்றோ வோலும் மன்சுக் வாணியும் மூலக்கூறின் அமைப்பை வெளியிட்டது 1971இல். அது கலத்துக்குள் என்ன செய்கிறது என்று சூசன் ஹோர்விற்ஸ் காட்டியது 1979இல். சூலகப் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது 1992இல். பட்டையிலிருந்து ஊசிக்கு முப்பது ஆண்டுகள்.

இவற்றிலிருந்து வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டியது இது. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். எனவே பட்டிப்பூ இலையை அவித்துக் குடிப்பவருக்கு மருந்தின் அளவு கிடைக்காது, அதே செடியின் மற்ற நச்சுப் பொருள்கள் மட்டும் கிடைக்கும். சரியான மருந்தாகவே இருந்தாலும் போகும் வழி மாறினால் உயிர் போகும். வின்கிறிஸ்டினை நாளத்தில் ஏற்றினால் மருந்து, முள்ளந்தண்டுத் திரவத்தில் ஏற்றினால் மரணம். இவ்வளவு வலிமையுள்ள பொருளைச் செடிகள் செய்கின்றன. ஒரு குளிசையிடம் கேட்கிற அத்தனை கேள்விகளையும் இலையிடமும் கேட்பதுதான் அதற்குக் கொடுக்கும் மரியாதை.

“பரவல்” என்றால் எந்தப் படி?

செய்தியில் “பரவுவதைத் தடுக்கும்” என்று இருந்தால் உடனே இதைக் கேளுங்கள்: பரவலின் எந்தப் படியை?

பரவல் ஒரே நிகழ்வு அல்ல. முதலில் ஒரு புற்றுக்கலம் பக்கத்துக் கலங்களைப் பிடித்திருக்கும் பிடியை விட வேண்டும். அந்தப் பிடியைத் தருவதில் ஈ-கட்ஹெரின் என்ற புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு, பரவப் போகும் பல கலங்களில் அது குறைந்துவிடுகிறது. பிறகு அடியிலிருக்கும் மெல்லிய மென்சவ்வைக் கரைத்துத் துளைக்க வேண்டும். எம்எம்பி-2, எம்எம்பி-9 என்ற நொதியங்கள் அதற்கு உதவுகின்றன. மூலிகை ஆய்வுகளில் இந்த இரண்டு பெயர்களும் அடிக்கடி கண்ணில் படும். அடுத்து குருதிக்குழாய்க்குள்ளோ நிணநீர்க்குழாய்க்குள்ளோ நுழைந்து, ஓட்டத்தில் சாகாமல் பிழைத்து, வேறொரு உறுப்பில் வெளியேறி, அங்கே குடியேறி வளர வேண்டும். வளர்வதற்குப் புதிய குருதிக்குழாய்களையும் வரவழைத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான கலங்கள் இந்தப் பயணத்திலேயே அழிந்துவிடுகின்றன. லண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் ஸ்டீபன் பேஜெட் 1889இல், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேத பரிசோதனைக் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, இந்தக் கலங்களை விதைகள் என்றும் உறுப்புகளை நிலம் என்றும் எழுதினார். விதை எங்கும் விழலாம், ஏற்ற நிலத்தில்தான் முளைக்கும். ஈரல், எலும்பு, சுவாசப்பை, மூளை என்று சில இடங்களிலேயே அது திரும்பத் திரும்பத் தோன்றுவது ஏன் என்ற கேள்வியை இன்றும் ஆய்வாளர்கள் அந்த வழியில்தான் தொடர்கிறார்கள்.

படி ஏன் முக்கியம்? உங்கள் அம்மாவுக்கு ஏற்கெனவே ஈரலில் பரவியிருக்கிறது என்று ஸ்கேன் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இலைச் சாறு எம்எம்பி-9 நொதியத்தைக் குறைக்கிறது என்ற ஆய்வு உண்மையாகவே இருக்கட்டும். அது தொடுவது துளைத்துக்கொண்டு வெளியேறும் படியை. ஈரலில் குடியேறி வளர்ந்துகொண்டிருக்கும் கலங்கள் அந்தப் படியைக் கடந்து வந்துவிட்டன. தொடக்கப் படியைத் தடுப்பதும், குடியேறியதை அழிப்பதும் வெவ்வேறு வேலைகள். செய்தியில் இந்த வேறுபாடு ஒருபோதும் இருக்காது. ஆகவே நோயாளியின் நிலையை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, செய்தி சொல்லும் படி எது என்று எதிரே எழுதுங்கள். பாதிச் செய்திகள் இந்த இடத்திலேயே பொருத்தமற்றுப் போய்விடும்.

தட்டில் நடந்ததா?

என் பழைய வேலை இதுதான் என்பதால் இங்கே சற்று நின்று சொல்கிறேன்.

தட்டு என்பது ஆய்வுகூடத்தில் கலங்களை வளர்க்கும் சிறு பாத்திரம். பரவலைத் தட்டில் சோதிக்க இரண்டு பழக்கமான முறைகள் உண்டு. ஒன்று கீறல் சோதனை. தட்டின் அடியில் விரிப்பாக வளர்ந்த கலங்களின் நடுவே குழாய் முனையால் ஒரு கோடு கீறுவோம். கலங்கள் இருபுறமும் நகர்ந்து கோட்டை மூடும். சாறு விட்ட தட்டில் கோடு மூடவில்லையென்றால் “நகர்வைத் தடுத்தது” என்று எழுதுவோம். மற்றொன்று நுண்துளைச் சவ்வு சோதனை. சவ்வின் மேல் மட்ரிஜெல் என்ற பசையைப் பூசி, மேலே கலங்களை வைத்து, எத்தனை கலங்கள் பசையைக் கரைத்துக் கீழே வந்தன என்று எண்ணுவோம். அந்தப் பசையே சுண்டெலியின் கட்டியிலிருந்து எடுக்கப்படுவது.

இரண்டும் நல்ல சோதனைகள்தாம். ஆனால் இரண்டும் ஒரே வகையில் ஏமாற்றக்கூடியவை. சாறு கலங்களைக் கொன்றுவிட்டால், அல்லது பிரிந்து பெருகாமல் செய்துவிட்டால், அப்போதும் கோடு மூடாது. செத்த கலம் நகராது, அதைப் “பரவலைத் தடுத்தது” என்று சொல்ல முடியாது. நேர்மையான ஆய்வில், நகர்வைச் சோதித்த அதே அளவில் கலங்கள் உயிரோடிருந்தனவா என்று தனியாகக் காட்டியிருப்பார்கள். ஆய்வுச் சுருக்கத்தில் அந்த வாக்கியத்தைத் தேடுங்கள். சோதனை எத்தனை மணித்தியாலம் நடந்தது என்றும் பாருங்கள். நாள் நீள நீள, நகர்ந்து மூடியதா பெருகி மூடியதா என்று பிரிக்க முடியாமல் போகும்.

தட்டில் வளரும் கலத்தைக் கொல்வது பெரிய சாதனை அல்ல. அதற்கு 37 பாகை வெப்பமும் 5 சதவீதக் காபனீரொக்சைட்டும் ஒரு நாளும் பிசகாமல் வேண்டும். 2022 மார்ச் மாதக் கடைசியில் நாள்தோறும் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். கலம் வளர்க்கும் எவருக்கும் அந்த நாட்கள் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். உப்பும் வினாகிரியும் மதுசாரமும் கூடத் தட்டில் புற்றுக்கலத்தைக் கொல்லும்.

எந்தக் கலம் என்பதையும் கவனியுங்கள். எம்டிஏ-எம்பி-435 என்ற கல வரிசையை (ஒருவரின் கட்டியிலிருந்து எடுத்து ஆய்வுகூடத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் கலங்களை) மார்பகப் புற்றுநோய்ப் பரவலுக்கான மாதிரியாகப் பல ஆண்டுகள் உலகம் முழுவதும் பயன்படுத்தினார்கள். மரபணு ஒப்பீட்டில் அது மெலனோமா என்ற தோல் புற்றுநோயிலிருந்து வந்த வரிசை என்று தெரியவந்தது. அந்தப் பெயரோடு மார்பகப் புற்றுநோய் என்று எழுதிய பழைய ஆய்வு ஒன்று உங்களுக்கு வந்தால் ஒதுக்கி வையுங்கள்.

கடைசியாக, சாறு எதில் இறக்கப்பட்டது? ஆய்வுகூடத்தில் பெரும்பாலும் மெதனோல், ஹெக்சேன், குளோரோபோம் போன்ற கரைப்பான்களில் இறக்குவோம். வீட்டில் நாங்கள் தண்ணீரில் அவிக்கிறோம். மஞ்சளின் குர்க்குமின் தண்ணீரில் கரைவதே அரிது. மெதனோல் சாற்றில் கிடைத்த முடிவைக் கஷாயத்தின் மேல் ஏற்றிச் சொல்வது, ஆய்வு செய்யப்படாத ஒரு பொருளுக்கு ஆய்வுச் சான்றிதழ் கொடுப்பதாகும்.

அளவைக் கணக்குப் போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் செய்து பார்க்க நேரம் உண்டு என்றால் இதைச் செய்யுங்கள். கல்குலேட்டர் போதும்.

சாற்றைப் பற்றிய ஆய்வு என்றால் செறிவு மைக்ரோகிராம் கணக்கில் இருக்கும். “ஒரு மில்லிலீற்றருக்கு 200 மைக்ரோகிராம்” என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறக்குறைய 5 லீற்றர் குருதி, அதாவது 5,000 மில்லிலீற்றர். 200 மைக்ரோகிராமை 5,000 ஆல் பெருக்கினால் ஒரு கிராம். அந்தச் சாறு முழுதாக ஒரு கிராம், சிதையாமல், ஒரே நேரத்தில் குருதிக்குள் இருந்தால்தான் தட்டின் செறிவு வரும். குடித்தது முதலில் குடலால் உறிஞ்சப்பட வேண்டும், பிறகு ஈரல் அதை உடைத்து வெளியேற்றும். குருதியில் மிஞ்சுவது சிறு பங்குதான். பல மூலிகைச் செய்திகள் இந்தப் பெருக்கலைத் தாண்டுவதில்லை.

தனிச் சேர்வை என்றால் மைக்ரோமோலார் என்ற அலகு வரும். இதற்கு மஞ்சளையே உதாரணமாக எடுக்கிறேன், ஏனென்றால் மனிதர்களில் அளந்து பார்த்த எண்கள் இருக்கின்றன. குர்க்குமின் தட்டில் நகர்வைத் தடுக்கிறது என்று சொல்லும் ஆய்வுகள் வழக்கமாக 10 முதல் 50 மைக்ரோமோலார் வரை பயன்படுத்துகின்றன. 2001இல் வெளிவந்த தாய்வான் ஆய்வொன்றில் நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 8 கிராம் குர்க்குமின் வரை வாய்வழியாகக் கொடுத்துக் குருதியை அளந்தார்கள். அந்த உச்ச அளவிலும் சராசரி 1.8 மைக்ரோமோலாரைத் தாண்டவில்லை. அதுவும் சில மணித்தியாலங்களில் வடிந்துவிட்டது. இனிச் சமையலறைக்கு வாருங்கள். மஞ்சள் தூளில் குர்க்குமின் ஏறக்குறைய 3 சதவீதம். 8 கிராம் குர்க்குமினுக்கு நாளொன்றுக்குக் கால் கிலோவுக்கு மேல் மஞ்சள் தூள் வேண்டும். இரவில் பாலில் போடும் அரைத் தேக்கரண்டியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதற்கு மறுமொழியாகத்தான் மிளகு வந்தது. மிளகின் பைப்பெரின் குர்க்குமினின் உறிஞ்சலைப் பல மடங்கு கூட்டும் என்று 1998இல் வெளியான இந்திய ஆய்வு சொன்னது. கடைகளில் கிடைக்கும் மஞ்சள் கப்சூல்கள் பலவற்றில் மிளகுச் சாறு சேர்ந்திருப்பது அதனால்தான். அந்த மிளகு வேறு என்ன செய்கிறது என்பதைக் கீழே சொல்கிறேன். 2017இல் மருந்து வேதியியல் சஞ்சிகை ஒன்றில் வந்த விரிவான மீளாய்வு, நூற்றுக்கும் மேற்பட்ட மனித ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, மருந்தாக்கப் போதிய ஆதாரம் குர்க்குமினுக்கு இல்லை என்றது. மஞ்சளை நேசிக்கிற எனக்கு அது வருத்தம்தான். ஆனாலும் எண் எண்தான்.

எலியில் நடந்ததா?

மூன்றைப் பாருங்கள். எந்த வழி: வயிற்றறைக்குள் ஊசியால் ஏற்றியிருந்தால் அது குடல் வழியே போகாமலே உள்ளே சென்றிருக்கிறது, குடிப்பதற்கு அது சான்றாகாது. எப்போது: புற்றுக்கலங்களை வால் நாளத்தில் ஏற்றுவதற்கு முன்னரே, அல்லது அதே நாளில், மருந்தைத் தொடங்கியிருந்தால் அது குடியேறுவதைத் தடுக்கும் கேள்வி. குடியேறிய பிறகு மருந்தைத் தேடும் உங்கள் வீட்டின் கேள்வி வேறு. எவ்வளவு: சுண்டெலியின் கிலோ எடைக்கான அளவை மனிதருக்கு நேரடியாகப் பெருக்கக் கூடாது, ஏறக்குறைய 12ஆல் வகுக்க வேண்டும். கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்றால் மனிதருக்கு 8 மில்லிகிராம், 60 கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் 500 மில்லிகிராம். எலியின் எண்ணை அப்படியே எடுத்துப் பன்னிரண்டு மடங்கு குடித்துவிட்டு ஈரல் பரிசோதனை அறிக்கையோடு வருகிறவர்கள் உண்டு.

மனிதரில் என்றால், ஆய்வில் எந்தக் கேள்வியைக் கேட்டார்கள்?

மரமஞ்சளில் இருக்கும் பெர்பெரின் பற்றி மனிதரில் நடந்த நல்ல ஆய்வு உண்டு. கொழும்பில் வெனிவெல் என்று வாங்கி, கொத்தமல்லியோடு அவித்துத் தடிமனுக்குக் குடிக்கிறோமே, அதே கட்டைதான். 2020இல் வெளியான சீன ஆய்வில், பெருங்குடலில் கட்டி முளைகள் அகற்றப்பட்டவர்களுக்கு நாளொன்றுக்கு இருமுறை 0.3 கிராம் பெர்பெரின் கொடுத்தார்கள். முளைகள் திரும்பி வந்தது பெர்பெரின் எடுத்தவர்களில் 36 சதவீதம் பேருக்கு, போலிக் குளிசை எடுத்தவர்களில் 47 சதவீதம் பேருக்கு. மதிக்க வேண்டிய முடிவு. அது நன்றாக உறிஞ்சப்படாத சேர்வை என்பது அங்கே குறையாகவில்லை, ஏனென்றால் குடலுக்கு அது நேரடியாகவே போய்ச் சேர்கிறது. ஆனால் கேட்கப்பட்ட கேள்வி புற்றாக மாறக்கூடிய முளை திரும்புமா என்பது. மார்பகத்திலிருந்து எலும்புக்குப் பரவுமா என்று அவர்கள் கேட்கவேயில்லை. எடுத்ததும் அளந்த குளிசை. நம் கஷாயத்தில் எவ்வளவு பெர்பெரின் இறங்கியது என்று எந்தப் பானையும் சொல்லாது.

நம் நாட்டு வேலையையும் இதே கண்ணால் பாருங்கள். கருஞ்சீரகம், நன்னாரி, பறங்கிப்பட்டை இனத்து ஸ்மைலாக்ஸ் கிளாப்ரா கிழங்கு மூன்றையும் சேர்த்து அவிக்கும் ஒரு சிங்களப் பாரம்பரியக் கஷாயத்தை இலங்கை விஞ்ஞானிகள் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறார்கள். ஈரல் புற்றுக்கலங்களைத் தட்டில் கொல்வதையும், இரசாயனம் கொடுத்து எலிகளின் ஈரலில் உண்டாக்கும் புற்று மாற்றங்களைக் குறைப்பதையும் காட்டினார்கள். மெதனோலில் இறக்காமல் கஷாயத்தையே சோதித்தது எனக்கு மிகவும் பிடித்த விடயம். ஆயினும் அது எலியில் வருமுன் காத்தது. வந்து பரவியதைத் தடுத்ததாக யாரும் அந்த ஆய்வைக் காட்டிச் சொல்லக் கூடாது.

“கெடுதல் செய்யாது, குடித்துப் பார்க்கலாமே” என்பவர்களுக்கு பின்லாந்து ஆய்வை நினைவூட்டுகிறேன். கரட்டிலும் கீரையிலும் இருக்கும் பீற்றா-கரோட்டீன் சுவாசப்பைப் புற்றுநோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில், புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து அது நடந்தது. 1994இல் முடிவு வந்தபோது, அந்தக் குளிசையை எடுத்தவர்களில் சுவாசப்பைப் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. பரவலைப் பற்றியும் எச்சரிக்கை உண்டு. 2015இல் சுவீடன் ஆய்வாளர்கள் மெலனோமா உள்ள சுண்டெலிகளுக்கு என்-அசற்றைல் சிஸ்டீன் என்ற ஒட்சியேற்ற எதிரியை (ஆன்ரிஒக்ஸிடன்ட்) கொடுத்தார்கள். மூலக் கட்டி மாறவில்லை. நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியது கூடியது. “ஆன்ரிஒக்ஸிடன்ட் நிறைந்தது” என்ற விளம்பரத்தைப் புற்றுநோயாளியின் தட்டில் வைப்பதற்கு முன் இதை யோசியுங்கள்.

தேடுவதற்கு மூன்று இடங்கள் போதும். மருத்துவ ஆய்வுகளைத் தேடும் பப்மெட் தளத்தில் செடியின் தாவரவியல் பெயரையும் புற்றுநோயின் பெயரையும் இட்டு, கிளினிக்கல் ட்ரையல் (மனிதரில் நடந்த பரிசோதனை) என்ற வடிகட்டியை அழுத்துங்கள். ஒன்றும் வராவிட்டால் அதுவே பதில். நியூயோர்க் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் நிலையம் மூலிகைகளுக்கென்று ஓர் இலவசத் தரவுத்தளம் வைத்திருக்கிறது, அங்கே மருந்து மோதல்கள் தெளிவாக இருக்கும். உள்ளூரில் யாராவது “கொழும்பில் நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதிக்கிறார்கள்” என்று சொன்னால், இலங்கை மருத்துவச் சங்கம் 2006இலிருந்து நடத்தும் மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏற்கெனவே குடித்துக்கொண்டிருந்தால்

பெரும்பாலானவர்கள் இந்த நிலையில்தான் என்னிடம் வருகிறார்கள். அண்மையில் ஓர் ஐயா மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் மருந்தான தமொக்சிஃபென்னை மாதாந்தம் போல வாங்க வந்தார். கூடவே மிளகு சேர்ந்த மஞ்சள் கப்சூல் போத்தலையும் எடுத்து மேசையில் வைத்தார். “அம்மா இதைக் கிளினிக்கில் சொன்னாரா, ஐயா?” என்று கேட்டேன். “இது சாப்பாட்டுச் சாமான்தானே, பிள்ளை. டொக்டரிடம் சொல்ல என்ன இருக்கிறது?” என்றார்.

சொல்ல இருக்கிறது. தமொக்சிஃபென் தன் வேலையைச் செய்ய ஈரலில் என்டொக்சிஃபென் என்ற செயல்படும் வடிவமாக மாற வேண்டும். 2019இல் நெதர்லாந்தில் மார்பகப் புற்றுநோயாளிகளில் அளந்தபோது, குர்க்குமினும் பைப்பெரினும் சேர்த்து எடுத்த காலத்தில் என்டொக்சிஃபென் சுமார் 12 சதவீதம் குறைந்தது. ஏற்கெனவே அளவு மட்டாக இருக்கும் ஒருவருக்கு அது போதும், மருந்து பயன் தரும் எல்லைக்குக் கீழே இறங்குவதற்கு. புற்று திரும்பாமலும் பரவாமலும் இருக்க ஆண்டுக்கணக்கில் விழுங்கும் குளிசையை, பரவலைத் தடுக்கும் என்று நம்பி வாங்கிய கப்சூல் பலவீனப்படுத்துகிறது. அந்த ஐயாவுக்கு இதை எழுதிக் கொடுத்தேன். கறியில் போடும் மஞ்சளையும் இரசத்து மிளகையும் நிறுத்தச் சொல்லவில்லை.

இன்னும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். பல்கிய மயிலோமா என்ற குருதிப் புற்றுநோய்க்கு போர்ட்டெசோமிப் எடுப்பவர்கள் பச்சைத் தேயிலைச் சாற்றுக் குளிசையைத் தொடக் கூடாது. அதிலுள்ள ஈஜிசிஜி என்ற சேர்வை அந்த மருந்தோடு நேரடியாக ஒட்டி அதைச் செயலிழக்கச் செய்வதை 2009இல் தட்டிலும் எலியிலும் காட்டியிருக்கிறார்கள். அமுக்கராவும் செறிந்த மஞ்சள் கப்சூலும் சிலருக்கு ஈரல் அழற்சியை உண்டாக்கியிருக்கின்றன. கீமோவுக்கு முன் ஈரல் எண்கள் ஏறினால் சிகிச்சை தள்ளிப்போகும். முள்ளு அன்னமுன்னாவில் அனோனாசின் என்ற நரம்பு நச்சு உண்டு. கரிபியனின் குவாதலூப் தீவில் அந்தப் பழத்தையும் இலைத் தேநீரையும் வழக்கமாக உட்கொண்டவர்களிடம் பார்க்கின்சனை ஒத்த நோய் மிகுந்திருந்ததை 1999இல் எழுதினார்கள். ஈசுரமூலியை எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே கொடுக்காதீர்கள். அதன் அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை அழித்து, சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் தரும். வெற்றிலையோடு மெல்லும் பாக்கும் தாவரப் பொருள்தான். புகையிலை சேராவிட்டாலும் அது புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் முதலாம் தொகுதியில் வைத்திருக்கிறது. நம் நாட்டு ஆண்களிடம் வாய்ப் புற்றுநோய் முன்னணியில் நிற்பதற்கு அதற்குப் பெரும் பொறுப்பு உண்டு.

வெண்குருதிக் கலங்கள் குறைந்திருக்கும் நாட்களில் பச்சை இலைச் சாறும் பச்சை வல்லாரைச் சம்பலும் வேண்டாம். இலையின் மருந்துக் குணத்தைவிட அதில் ஒட்டியிருக்கும் கிருமி அந்த வாரத்தில் பெரிய விடயம். கீரையை வேகவைத்துக் கொடுங்கள்.

கொடுக்கிறவரோடு சண்டை போடாதீர்கள். இலை கொண்டுவரும் மாமி எதையாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பில் புறக்கோட்டை கபோஸ் லேன் வரை வெயிலில் போய்த் தேடி வாங்கி வந்திருப்பார். “மாமி, டொக்டரிடம் காட்டிவிட்டுக் கொடுக்கிறோம்” என்று வாங்கி வையுங்கள். கிளினிக்குக்குக் கூடவே வந்து உட்காரச் சொல்லுங்கள். அந்தத் துணை எந்தக் கஷாயத்தையும்விட நோயாளிக்குத் தேவை. சித்த, ஆயுர்வேத வைத்தியரிடம் போக விரும்பினால் பதிவு பெற்றவரிடம் போங்கள். மகரகம அறிக்கைகளை அவரிடமும், அவருடைய குறிப்பை மகரகமவிலும் காட்டுங்கள். சிகிச்சையை நிறுத்தச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் அந்த வாசற்படியை விட்டு இறங்கிவிடுங்கள்.

கிளினிக் நாளுக்கு முந்தின இரவு ஒரு கொப்பித் தாளில் நான்கு நிரல்கள் போடுங்கள். பொருளின் பெயர், முடிந்தால் தாவரவியல் பெயரோடு. எவ்வளவு, ஒரு நாளைக்கு எத்தனை தடவை. எப்போது தொடங்கியது. எதற்காக. போத்தல் இருந்தால் போத்தலையே கொண்டுபோங்கள், பொதியாக வாங்கியது என்றால் ஒரு பிடி எடுத்துப் பையில் போடுங்கள். சிங்களத்தில் பேசத் தயக்கம் என்றால் பேரப்பிள்ளையிடமோ பக்கத்து வீட்டாரிடமோ சிங்களப் பெயர்களையும் எழுதி வாங்குங்கள். வைத்தியருக்குக் கிடைக்கும் நேரம் குறைவு என்பதால் “மூலிகை எடுக்கலாமா?” என்று பொதுவாகக் கேட்காதீர்கள், இல்லை என்ற ஒரு சொல்தான் திரும்பி வரும். தாளை நீட்டி இப்படிக் கேளுங்கள்: இதில் எது இப்போது ஏறும் மருந்தோடு மோதும்? சத்திரசிகிச்சைக்கு எத்தனை நாள் முன்னர் எதை நிறுத்த வேண்டும்? ஈரல், சிறுநீரகப் பரிசோதனையை எப்போது மறுபடி செய்யலாம்? பதிலை அதே தாளில் அங்கேயே எழுதி, நோயாளியின் கிளினிக் புத்தகத்துக்குள் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை வேறு வைத்தியர் பார்த்தாலும் அது அவருடைய கண்ணில் படும்.